கணினி கேள்வி–பதில்: கெர்னல் எழும் முன்னே விழுந்தால்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ‘பூட் ஆகவில்லை’, அதாவது கணினி எழும்பவில்லை, என்ற புலம்பல்தான் அதிகம். (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையநிரல்.) அதனால் பிரிண்டர், வைஃபை கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். மெஷினில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணே, போலிடெக்னிக்கில் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். லினக்ஸ் எழும்புவதற்கு எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் போகிறது என்று அளப்பதுதான் என் புராஜெக்ட். டெபியன் 12, கெர்னல் 6.1. ‘ஹெட்64’ என்ற சி கோப்பில், ஆக முதலில் ஓடுகிற ஃபங்ஷனுக்குள், கட்டத்தின் பெயரையும் நேரத்தையும் ஒரு பட்டியலில் குறிக்கிற மாதிரி சில வரிகள் சேர்த்தேன். கம்பைல் ஆனது, ஒரு எச்சரிக்கைகூட இல்லை. ஆனால் பூட் செய்தால் ‘லோடிங் இனிஷியல் ராம்டிஸ்க்’ என்ற வரி வருகிறது, கண் மூடித் திறப்பதற்குள் லேப்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது? (மாணவர், பீடோர்)

பதில்: தம்பி, நீ போகிற போக்கில் எழுதிய ‘தானாக ரீஸ்டார்ட்’ என்பதுதான் இதில் பெரிய துப்பு. கறுப்புத் திரையோடு உறைந்து நிற்பது ஒரு நோய், உடனே ரீஸ்டார்ட் ஆவது வேறு நோய். பேனிக் ஆன, அதாவது மேற்கொண்டு ஓட முடியாது என்று கைவிட்ட கெர்னல், இத்தனை நொடியில் ரீஸ்டார்ட் ஆகு என்று முன்கூட்டியே சொல்லி வைக்காதவரை, விழுந்த இடத்திலேயே கிடக்கும். இவ்வளவு சீக்கிரம் ரீஸ்டார்ட் ஆனால் அநேகமாக டிரிபிள் ஃபால்ட். ஒரு கட்டளை தவறினால் சிபியு ஓர் அட்டவணையைப் பார்த்து, அந்தத் தவற்றைக் கவனிக்கும் நிரலைக் கூப்பிடும். அந்த இடம் காலியாக இருந்தால் அது டபுள் ஃபால்ட். அதைக் கவனிக்கவும் ஆள் இல்லையென்றால் மூன்றாவது. அதற்கு மேல் சிபியு எதுவும் பேசாது, ரீசெட்தான்.

தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு, முந்திய நேரம் என்று வைத்துக்கொள். கிராணி இன்னும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் ஒருவன் காட்டில் விழுந்தால், அவன் வேலைக்கு வந்தான் என்பதற்கே பதிவு கிடையாது.

திரையில் ஒன்றும் வரவில்லை என்பதற்காகக் கெர்னல் ஒன்றுமே சொல்லவில்லை என்று முடிவு கட்டிவிடாதே. கெர்னல் செய்தி போடப் பயன்படுத்தும் பிரிண்ட்கே எழுதுவதெல்லாம் முதலில் நினைவகத்தில் ஒரு பஃபருக்குப் போகும். கன்சோல், அதாவது செய்தியைத் திரைக்கு அனுப்பும் வழி, தயாரான பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும். கன்சோலைத் தயார் செய்கிற வரியோ, ஸ்டார்ட்_கெர்னல் ஃபங்ஷனுக்குள் வெகுதூரம் தள்ளித்தான் வருகிறது. அதற்கு முன்னால் செத்த கெர்னல் நிறையப் பேசிவிட்டுச் செத்திருக்கலாம், நமக்குக் கேட்காது. உறைந்து நிற்கும் மெஷின் என்றால் கெர்னலை ஏற்றிவிடும் கிரப்பின் மெனுவில் ‘இ’ தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் ‘குவையட்’டை எடுத்துவிட்டு ‘எர்லிகான்=இஎஃப்ஐஎஃப்பி’ என்று சேர்க்கச் சொல்வேன். யூஇஎஃப்ஐ மெஷினில் அது கன்சோலுக்கு முன்பே திரையில் எழுதும். உன் கதைக்கு அதுவும் உதவாது. நீ கை வைத்த ஃபங்ஷன், கெர்னல் இந்த வரியை வாசிப்பதற்கே முன்னால் ஓடுவது. யூஎஸ்பி–சீரியல் கேபிள் வாங்கு என்று யாராவது சொல்வார்கள். காசை வீணாக்காதே, யூஎஸ்பி எழும்புவதற்கு வெகுமுன்பே உன் ஆள் போய்ச் சேர்ந்துவிடுகிறான்.

லேப்டாப்பை மூடி வை. கணினிக்குள் ஒரு போலிக் கணினியை ஓட்டும் கியூஎமுவில் ஓட்டு. கெர்னல் கோப்பை நேராகக் கொடுத்தால் போதும், டிஸ்க் தேவையில்லை. நிஜ சிபியுவிலேயே வேகமாக ஓட்டும் கேவிஎம் வேண்டாம், அதை அணைத்தால்தான் லாக் முழுசாக வரும். ‘நோ–ரீபூட்’ போட்டால் டிரிபிள் ஃபால்ட் ஆனதும் திரும்பத் தொடங்காமல் வெளியே வந்துவிடும். லாக் தேர்வில் ‘இன்ட்’, ‘சிபியு_ரீசெட்’ இரண்டையும் கொடு. கெர்னலுக்கான வரியில் ‘நோகேஏஎஸ்எல்ஆர்’ சேர்க்க மறக்காதே. இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் கெர்னல் வேறு வேறு இடத்தில் போய் உட்காரும், முகவரிகளை ஒப்பிட முடியாது.

இப்போது சிபியு சாகும்போது ரெஜிஸ்டர்களில் இருந்த எண்கள் எல்லாம் கொட்டும். கடைசியிலிருந்து மேலே போய், முதல் தவற்றைத் தேடு. அதன் எண் ‘0இ’ என்றிருந்தால், அதாவது 14, பேஜ் ஃபால்ட். அதற்கு அடுத்து 08 வந்தால் டபுள் ஃபால்ட். முதல் தவற்றின் கீழே இரண்டு எண்கள்தான் உனக்கு வேண்டும். ஆர்ஐபி, எந்தக் கட்டளையில் விழுந்தது என்று சொல்லும். சிஆர்2, எந்த முகவரியைத் தொடப்போய் விழுந்தது என்று சொல்லும். ஆர்ஐபி 01 என்று தொடங்கும் சின்ன எண்ணாக இருக்கும். ஃபங்ஷன்களின் முகவரிப் பட்டியலான சிஸ்டம்.மேப் கோப்பில் தேடினால் அப்படி ஒன்று கிடைக்காது, பதறாதே. 01 இருக்கும் இடத்தில் 81 போட்டு, முன்னால் எட்டு ‘எஃப்’ சேர்த்துத் தேடு, ஃபங்ஷனின் பெயர் வரும்.

சிஆர்2–விலும் எட்டு ‘எஃப்’ வரிசையாக நின்று, அப்புறம் ஓர் 8 வரும் என்று பந்தயம் கட்டுகிறேன். காரணம் இது. கெர்னல் அந்த உயரமான முகவரியில் இருந்து ஓடுவதாக நினைத்துத்தான் கம்பைலரும் லிங்கரும் வேலை செய்கின்றன. ஆனால் நீ கை வைத்த இடத்தில் அது இன்னும் கீழே, நேரடி நினைவக முகவரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. உயர முகவரி நிஜ நினைவகத்தில் எங்கே என்று காட்டும் பேஜ் டேபிளைத் தயார் செய்வதே அந்த ஃபங்ஷனின் வேலை. நீ போட்ட பட்டியலில் பெயர்கள் இருக்கின்றன அல்லவா? ஒவ்வொரு பெயருக்கும் அங்கே இருப்பது ஒரு சுட்டி. சுட்டிக்குள் இருப்பது உயர முகவரி. அங்கே போக இன்னும் பாதை போடவில்லை. போனான், விழுந்தான்.

கம்பைலர் ஏன் எச்சரிக்கவில்லை என்று கேட்பாய். அதைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்குதான். இந்த மாதிரிப் பிழை ஒரு கம்பைலரில் தப்பித்து இன்னொன்றில் மாட்டும். ஒரு மாறியை ‘இங்கிருந்து இத்தனை பைட் தள்ளி’ என்று எடுப்பதா, நேர் முகவரியாகவே எடுப்பதா என்று அது தன் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்கலாம். ‘என் மெஷினில் ஓடுகிறதே’ என்று நண்பன் சொன்னால் நம்பாதே.

சரி, எப்படித் திருத்துவது? அந்த இடத்தில் பெயரை வைக்காதே. சிபியுவின் நேர எண்ணியைப் படிக்கும் ஆர்டிடிஎஸ்சி கட்டளை தரும் எண்ணை மட்டும் ஒரே ஒரு மாறியில் போடு. உன் 6.1–இல் அதே கோப்பில் உயர முகவரியை அப்போதைய நிஜ முகவரியாக மாற்றித் தரும் ‘ஃபிக்ஸ்அப்_பாயின்டர்’ என்று ஒன்று இருக்கிறது, மாறியின் முகவரியை அதன் வழியாகவே எடு. பெயர்களையெல்லாம் ஸ்டார்ட்_கெர்னலுக்கு வந்த பிறகு ஒட்டிக்கொள். இதில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. தொடக்க மதிப்பு கொடுக்காத மாறி பிஎஸ்எஸ் பகுதிக்குப் போகும். நீ எண்ணை எழுதி முடித்த கொஞ்ச நேரத்தில், கெர்னலே அந்தப் பகுதி முழுவதையும் பூஜ்யமாக்கும். அப்புறம் ‘நேரம் 0 என்று வருகிறதே’ என்று எனக்கு அடுத்த கடிதம் போடுவாய். மாறிக்குப் பூஜ்யம் இல்லாத ஏதாவது ஒரு தொடக்க மதிப்பு கொடு, டேட்டா பகுதியில் பத்திரமாக இருக்கும்.

அந்த எண்ணைப் பார்த்ததும் ‘கெர்னல் இவ்வளவு நேரமா எடுக்கிறது’ என்று அறிக்கையில் எழுதிவிடாதே. அந்தக் கணக்கு பொதுவாக மெஷின் ரீசெட் ஆன நேரத்திலிருந்து ஓடுவது. ஃபர்ம்வேர், கிரப், கெர்னல் தன்னைத் தானே விரித்துக்கொண்ட நேரம் எல்லாம் அதில் அடக்கம்.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளிக் கணினி அறையில் ஒரு மெஷின் அப்டேட்டுக்குப் பிறகு ‘கெர்னல் பேனிக்... அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ்’ என்று நிற்கிறது. கெர்னலே கெட்டுவிட்டதா? (ஆசிரியை, லாபிஸ்)

பதில்: இல்லை டீச்சர், கெர்னல் நன்றாகத்தான் எழுந்திருக்கிறது. அவ்வளவு தெளிவாகச் செய்தி போடுகிற நிலைக்கு வந்தாலே முக்கால் கிணறு தாண்டியாயிற்று. டிஸ்க்கைத் திறக்க வேண்டிய டிரைவர்கள் இருக்கிற இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு இல்லை, அல்லது பாதியில் நின்றுபோயிருக்கிறது. நான் கண்ட வரையில் இதற்கு முதல் காரணம், பூட் பகுதி பழைய கெர்னல்களால் நிரம்பி வழிவது. கிரப்பில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழைய கெர்னலில் எழுப்புங்கள். ‘டிஎஃப் –எச்’ போட்டு இடம் பாருங்கள். ஆகப் பழைய கெர்னல் ஒன்றிரண்டை நீக்கி, ‘அப்டேட்–இனிட்ராம்எஃப்எஸ்’ கட்டளையைப் புதிய கெர்னலின் பெயர் கொடுத்து ஓட்டுங்கள், அப்புறம் ‘அப்டேட்–கிரப்’. இப்போது ஓடிக்கொண்டிருக்கிற கெர்னலை மட்டும் நீக்கிவிடாதீர்கள்.

கேள்வி: கூலிமில் ஒரு நிறுவனத்தில் வேலை. பழைய 5.4 கெர்னலின் மூலநிரலை ஜிசிசி 10 கம்பைலரில் கம்பைல் செய்தோம். பூட் ஆகும்போதே ‘ஸ்டேக்–புரொடெக்டர்: கெர்னல் ஸ்டேக் இஸ் கரப்டட் இன்: ஸ்டார்ட்_செகண்டரி’ என்று பேனிக். ஸ்டேக் பாதுகாப்பை அணைத்தால் எழுந்துவிடுகிறது. அப்படியே அனுப்பிவிடலாம் என்கிறார் மேலதிகாரி. சரிதானா? (வாசகர், கூலிம்)

பதில்: சரியில்லை. அந்தச் செய்தியை அப்படியே நம்பினால் ‘யார் ஸ்டேக்கைக் கெடுத்தது’ என்று வாரக்கணக்கில் தேடுவீர்கள். யாரும் கெடுக்கவில்லை. இது 2020 மே மாதத்தில் ஜிசிசி 10 வந்த சமயத்தில் ஊரறிந்த பிழை. திருத்தத்தின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டேக் பாதுகாப்பு செய்வது இதுதான்: ஃபங்ஷனுக்குள் நுழையும்போது ஒரு ரகசிய எண்ணை ஸ்டேக்கில் (ஃபங்ஷனின் தற்காலிக நினைவிடத்தில்) வைக்கும், வெளியேறும்போது அது மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கும். ஸ்டார்ட்_செகண்டரி என்பது சிபியுவின் மற்ற கோர்கள் எழும்போது ஓடும் ஃபங்ஷன். அந்தக் கோருக்குப் புதிய ரகசிய எண்ணை உண்டாக்கும் வேலை அந்த ஃபங்ஷனுக்கு உள்ளேயே நடக்கிறது. நுழைந்தபோது வைத்தது பழைய எண், வெளியேறும்போது ஒப்பிடுவது புதிய எண்ணோடு. பொருந்தாதுதான். ஆனாலும் இது தொல்லை தரவில்லை. ஏனென்றால் அந்த ஃபங்ஷன் கடைசியாகக் கூப்பிடும் ஃபங்ஷன் திரும்பி வருவதே இல்லை. வெளியேறவே மாட்டோம் என்றால் சோதனை ஏது?

ஜிசிசி 10 கெட்டிக்காரத்தனமாக அந்தக் கடைசி அழைப்பைத் தாவலாக மாற்றியது. திரும்பி வரத் தேவையில்லாததால், கூப்பிடுவதற்குப் பதில் நேராகத் தாவிவிடுவது. கம்பைலரின் சட்டப்படி தாவுவது என்றால் இந்த ஃபங்ஷனை விட்டு வெளியேறுவது. அதனால் தாவுவதற்கு முன் சோதனை. எண் பொருந்தவில்லை, பேனிக். கம்பைலர் மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது தன் விதிப்படிதான் நடந்தது.

முதல் யோசனை, அந்தக் கோப்பு முழுவதுக்கும் பாதுகாப்பை அணைப்பது. ஒரு ஃபங்ஷனுக்காகக் கோப்பையே திறந்து போடுவது யாருக்குப் பிடிக்கும்? அடுத்தது, அந்த ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் அணைக்கும் ஜிசிசியின் குறிப்பு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்தக் குறிப்பு கூடவே மற்ற கம்பைலர் தேர்வுகளையும் கலைத்துவிடும். கடைசியில் போரிஸ்லாவ் பெட்கோவ் அனுப்பிய திருத்தத்தின் தலைப்பிலேயே ‘மூன்றாவது முயற்சி’ என்று இருக்கிறது. பாதுகாப்பு அப்படியே இருக்கட்டும், தாவலை மட்டும் தடுப்போம் என்பது அதன் வழி. கடைசி அழைப்புக்குப் பின்னால் ஒரு தடுப்பு வரி. அந்த வரிக்கு ஓட்டம் ஒருநாளும் வந்து சேராது. ஆனால் அது இருப்பதால், அந்த அழைப்பு ‘கடைசி’ அல்ல என்று கம்பைலர் நினைத்துக்கொள்ளும், தாவாது. ஸ்டார்ட்_கெர்னலிலும் அதே வரியைப் போட்டார்கள்.

5.4 உட்படப் பழைய நிலைப்பதிப்புகளுக்கும் இந்தத் திருத்தம் போயிருக்கிறது. உங்கள் மேலதிகாரியிடம் 5.4–இன் பிந்திய நிலைப்பதிப்புக்கு மாறச் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்த ஒரு திருத்தத்தையாவது எடுத்து ஒட்டுங்கள், சில வரிகள்தான். மெஷின் எழுந்துவிட்டது என்பதற்காகப் பாதுகாப்பைக் கழற்றிவிட்டுப் பொருளை வெளியே அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: தம்பி, என் மகன் ராத்திரி முழுக்க ஒன்றுமே தெரியாத கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கேட்டால் ‘பூட்’ என்கிறான். இதில் வேலை கிடைக்குமா? அவன் அப்பா லாரி லைசன்ஸ் எடுக்கச் சொல்கிறார். (ஒரு தாய், சுங்கை சிப்புட்)

பதில்: அக்கா, நம்ம ஊர் என்பதால் கடைக்கே வந்து கேட்டிருக்கலாம், அஞ்சடியில் உட்கார்ந்து தே ஓ குடித்துக்கொண்டே பேசியிருப்போம். கிடைக்கும். இன்டெல் பினாங்குக்கு வந்தது 1972–இல். நம் வீட்டுப் பெண்கள் தொழிற்சாலை பஸ் ஏறிப் போனது அந்தக் காலத்தில் பெரும்பாலும் சிப்பைப் பொருத்தவும் சோதிக்கவும். இப்போது பாயான் லெப்பாஸிலும் கூலிமிலும் அதற்கு மேற்பட்ட வேலைகளும் நடக்கின்றன. புதிதாக வந்த போர்டுக்கு முதல் தடவை உயிர் கொடுப்பது என்று ஒரு வேலையே இருக்கிறது, அதில் முதலில் பார்ப்பது இதே கறுப்புத் திரையைத்தான். நானும் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்துவிட்டுத்தான் இந்தக் கடையைப் போட்டேன். ஆங்கிலமும் சி மொழியும் நன்றாக வர வேண்டும், அதில் கண்டிப்பாக இருங்கள். லாரி லைசன்ஸும் எடுக்கட்டுமே, யார் வேண்டாம் என்றது? ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தூக்கம் கெட்டவன் கண்ணுக்குப் பிழை அகப்படாது.

கேள்வி: எனக்கு நிரல் எழுதத் தெரியாது. என் பழைய மெஷினில் போன பதிப்புக் கெர்னல் எழுகிறது, புதியது கறுப்புத் திரையோடு நிற்கிறது. நானாக ஏதாவது செய்ய முடியுமா? (செம்பனை ஆலை எலக்ட்ரீஷியன், பஹாவ்)

பதில்: முடியும், அதுவும் உருப்படியாக. ‘கிட் பைசெக்ட்’ என்று ஒரு வழி. நல்ல பதிப்பு இது, கெட்டது இது என்று சொன்னால் போதும், நடுவில் உள்ள ஒரு மாற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தும். கம்பைல் செய்து எழுப்பிப் பாருங்கள். எழுந்தால் ‘குட்’, இல்லையென்றால் ‘பேட்’. ஒவ்வொரு பதிலுக்கும் பாதி கழிந்துவிடும். இரண்டு பெரிய பதிப்புகளுக்கு இடையில் 10,000–க்கு மேல் மாற்றங்கள் இருக்கும், ஆனாலும் சுமார் 14 சுற்றில் ஒரே ஒரு மாற்றத்தில் வந்து நிற்கும். லைனில் எங்கே ஷார்ட் என்று பாதிப் பாதியாகப் பிரித்துப் பார்த்த கை உங்களுடையது, இதை உங்களுக்கு விளக்கவே தேவையில்லை.

பழைய மெஷினில் ஒவ்வொரு கம்பைலும் மணிக்கணக்கில் இழுக்கும். ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ ஓட்டினால் இப்போது பயன்படும் டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும், நேரம் ரொம்பக் குறையும். அதை ஓட்டும் முன் உங்களுக்கு வேண்டிய யூஎஸ்பி சாமான்களையெல்லாம் செருகி வையுங்கள், இல்லாவிட்டால் அவற்றின் டிரைவரும் கழிந்துபோகும். பஹாவ் பக்கமும் பிற்பகல் இடி மழைக்குப் பஞ்சமில்லை, கரண்ட் போனால் பாதி கம்பைல் அம்போ. இரவில் ஓட விடுங்கள்.

இதில் ஜனங்கள் கோட்டைவிடுகிற இடம் ஒன்றுதான். நடுவில் ஒரு சுற்றில் கம்பைலே ஆகாமல் போகும், அல்லது மெஷின் வேறு விதமாக விழும். சிலர் அதையும் ‘பேட்’ என்று குறித்துவிடுவார்கள். அப்புறம் தேடல் சம்பந்தமில்லாத ஒரு மாற்றத்தில் போய் நிற்கும். நீங்கள் தேடுவது ‘கறுப்புத் திரையோடு உறைவது’ ஒன்றை மட்டும். வேறு எது வந்தாலும் ‘ஸ்கிப்’ கொடுங்கள்.

முடிவில் வருகிற மாற்றத்தை எழுதியவரின் பெயர், மின்னஞ்சல் அதிலேயே இருக்கும். யாருக்கெல்லாம் அனுப்புவது என்று ‘கெட்_மெயின்டெயினர்’ ஸ்கிரிப்டைக் கேட்டால் பட்டியல் தரும். போன பதிப்பில் ஓடியது புதியதில் ஓடாமல் போவதை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுத்துக்கொள்ள மாட்டார், அதனால் உங்கள் கடிதத்துக்கு மதிப்பு உண்டு. பைசெக்டின் லாக், உங்கள் கான்ஃபிக் கோப்பு, மெஷினின் மாடல் மூன்றையும் இணையுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, எழுதியதை எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.